அண்ணனின் டிராக்டரை இரண்டாகப் பிரித்தோம்

இன்று கொட்டச்சேடு மலைக்கிராமத்தில் அண்ணன் வீட்டு வாசலில், அவர் ஓட்டிய பழைய டிராக்டரை நானும் அண்ணியும் இரண்டாகப் பிரித்தோம்.

அண்ணன் மஞ்சள் காமாலையில் போய் மூன்று மாதம் ஆகிறது. கிளட்ச் மாற்றி ஓடவைத்தால் வண்டியை விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சேலத்துக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். வண்டியை இரண்டாகப் பிரித்தால்தான் கிளட்சுக்குக் கை எட்டும்.

ஜாக்கி ஒன்று போதும் என்றேன்.

"போதாதுங்க தம்பி. நழுவுச்சுன்னா என்ன பண்றது? இந்த ஊட்டுல ஒரு சாவு போதுங்க" என்றார் அண்ணி.

என்ஜின் சாயாமல் இருக்க முன் அச்சின் இருபுறமும் அண்ணியே ஆப்பு அடித்தார். கியர் பாக்ஸுக்கு அடியில் சில்வர் ஓக் கட்டைகளை அடுக்கினார். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். அதன் பிறகுதான் என்னைப் போல்ட்டைத் தொட விட்டார்.

முன்பாதியை மெல்லத் தள்ளிப் பிரித்து, தேய்ந்த கிளட்ச் பிளேட்டை மாற்றி, சாயங்காலத்துக்குள் மறுபடி சேர்த்துவிட்டோம்.

நான் ஏறி ஸ்டார்ட் செய்தேன். அதே சத்தம். அண்ணன் இருந்தவரை தினமும் ரோட்டு வளைவில் அது கேட்டதும்தான் அண்ணி டீக்குத் தண்ணீர் வைப்பார்.

கையில் ஸ்பேனரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் என்ஜினை நிறுத்தப் போனேன்.

"வேண்டாங்க தம்பி. கொஞ்ச நேரம் ஓடட்டுங்க."

வண்டியைப் பார்க்க வந்த சேலத்துக்காரர் வெகுநேரமாக நின்றிருந்தார். "ஏனுங்க, வண்டி நொம்ப நல்லாத்தான ஓடுது? அந்தம்மா இன்னும் என்னத்தப் பாக்கறாங்க?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

நான் டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டேன்.