எலிக்கு என்று வைத்திருந்த பணம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில், ஆத்தூரில் பிறந்த நான் தூத்துக்குடிக்கு மருமகளாக வந்த புதிது. மாமனாருக்குக் கருப்பட்டி வியாபாரம். வீட்டின் பின்கட்டில் ஓர் அறை முழுக்க ஓலையில் கட்டிய கருப்பட்டிச் சிப்பங்கள்தான். என் வீட்டுக்காரர் கல்யாணமான வாரமே கொழும்பில் இருந்த கடைக்குத் தோணி ஏறிவிட்டார். கருப்பட்டி அறையை ஒட்டிய சின்ன அறையில் நான் தனியாகப் படுத்துக்கொள்வேன்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு தொல்லை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பேன். வயிற்றுப்பூச்சி மருந்து, வேப்பங்கொழுந்து எதற்கும் அது அடங்கவில்லை. தூக்கத்தில் பல் கடிக்கிற பெண் போன வீடு விளங்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதனால் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அம்மா மூச்சு விடவில்லை. நான் வண்டி ஏறும்போது மட்டும் காதோடு சொன்னாள்.

"யார்ட்டயும் சொல்லிராதளா. தெரிஞ்சா கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவாவ."

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போ என்று மற்றப் பெண்களுக்குப் புத்தி சொல்லி அனுப்புவார்கள். எனக்கு அந்தப் புத்தி தேவைப்படவே இல்லை!

போன கொஞ்ச நாளிலேயே என் மாமியார், கருப்பட்டி அறையில் எலி புகுந்துவிட்டது என்றார். "விடிய விடிய கறுக்குக் கறுக்குன்னு கொறிக்கி. ஒனக்குக் கேக்கலியாளா?" என்று என்னையே கேட்டார். அது எலியில்லை, என் பல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்கவில்லை அத்தை என்று சொல்லிவிட்டேன். அதுவும் உண்மைதானே!

முதலில் எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைத்தார். ஒன்றும் விழவில்லை. திரேஸ்புரத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அக்காவிடம் சொல்லி ஒரு பூனையை வரவழைத்தார். அது மீன் தலையைத் தின்றுவிட்டு என் கால்மாட்டில் சுகமாகத் தூங்கியது. கடைசியில் மாமா ஆசாரியைக் கூப்பிட்டு, அறையைச் சுற்றித் தகரம் அடிக்க விலை பேசி முடித்தார். சண்டைக் காலத்தில் தகரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. இல்லாத எலிக்கு இவ்வளவு செலவா என்று நான் உள்ளுக்குள் நொந்துபோனேன். ஆனாலும் உண்மையைச் சொல்லப் பயம்.

ஒரு மத்தியானம் சிப்பங்களைத் துடைத்து அடுக்கிய அலுப்பில் அங்கேயே சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால், விளக்குமாற்றை ஓங்கியபடி தலைமாட்டில் அத்தை! எலிச் சத்தம் கேட்டு, அதை அடிக்கத்தான் ஓசைப்படாமல் வந்திருக்கிறார். என் வாய்க்குள் கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. கையில் துப்பினால், கடைவாய்ப் பல்லின் ஒரு துண்டு. போச்சு, இன்றைக்கே ஆத்தூருக்கு வண்டி கட்டிவிடுவார்கள் என்று விம்மி அழ ஆரம்பித்துவிட்டேன்.

அத்தை விளக்குமாற்றைக் கீழே போட்டார். என் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார்.

"ரொம்ப வலிக்காளா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அம்மா சொல்லி அனுப்பியது உட்பட. கேட்டு முடித்தவர் பூனையை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர்தான், முந்தானையால் கண்ணைத் துடைக்கும்படி ஆகிவிட்டது.

மறுநாளே குதிரைவண்டியில் ஏற்றிப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனார். இப்படியே விட்டால் சீக்கிரத்தில் கடைவாய்ப் பல் ஒன்றும் மிஞ்சாது என்றார் டாக்டர். பல் செட்டுக்குப் போடுகிற கெட்டி ரப்பரில், மேல்வரிசைக்கு ஓர் உறை செய்து தருவாராம். படுக்கும்போது மாட்டிக்கொள்ள வேண்டுமாம். மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து ரப்பருக்குத் தட்டுப்பாடு, அதனால் கிட்டத்தட்ட ஒரு பவுன் விலை ஆகும் என்றார். திரும்பி வரும்போது, "வேண்டாம் அத்தை, துணிய மடிச்சு வச்சிக்கிடுதேன்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி வந்தார். சிரிப்பெல்லாம் நேற்றோடு சரி, இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மாமா கடையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அத்தை பேச்சை எடுத்தார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பல்லு கடிக்கதுக்கு ஒரு பவுனா? ஊர்ல சிரிக்க மாட்டானுவளா?" என்றார் மாமா.

அத்தை சோற்றைப் போட்டுக்கொண்டே நிதானமாகக் கேட்டார். "தகரத்துக்கு எம்புட்டுச் சொன்னிய?"

மாமா சொன்ன தொகை, டாக்டர் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது.

"எலிதான் இல்லன்னு ஆயிட்டுல்லா? அந்தத் தகரத்த இவ பல்லுக்கு அடிச்சிருங்க. எலிக்குச் செலவழிச்சா ஊரு சிரிக்காதாம், மருமவளுக்குச் செலவழிச்சாச் சிரிக்குமாக்கும்!"

மாமா வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்து அத்தையைப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "சரிளா, ஆசாரிய நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லுதேன்" என்றார்.

பத்து நாளில் உறை வந்தது. அரக்கு நிறத்தில் அவலட்சணமாக இருந்தது. முதல் தடவை மாட்டியபோது எனக்குக் குமட்டியது. ஆனால் மறுநாள் கண் விழித்தபோது தாடையில் வலியே இல்லை. வெயில் முற்றத்துக்கு வந்திருந்தது. பதறியடித்து வாசலுக்கு ஓடினேன். அத்தையே தெளித்துக் கோலம் போட்டு முடித்திருந்தார். கையில் கோலப்பொடியோடு என்னை ஏற இறங்கப் பார்த்தவர், "நல்லா ஒறங்குனியா?" என்று மட்டும் கேட்டார்.

என் வீட்டுக்காரருக்குக் கல்யாணமான அந்த வாரமே சத்தம் கேட்டதா, கேட்டும் பேசாமல் இருந்தாரா என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. பஞ்சாங்கம் பார்த்துத் தாலி கட்டிய நாள் ஒன்று இருக்கிறது. ஆனால் புகுந்த வீட்டில் பயமில்லாமல் தூங்கி எழுந்த அந்தக் காலையைத்தான் என் மனம் இன்றும் கல்யாண நாளாக எண்ணிக்கொள்கிறது.