பூனைமுடி

சலூன்காரர் தன் ஆயுசில் ஒரே ஒருத்தருக்குத்தான் கடன் பட்டார். பெற்ற மகளுக்கு. தையல் கம்பெனியில் மிஷின் மிதித்து அவள் சேர்த்த பணத்தை மொத்தமாக வாங்கி, பின்னால் சாய்கிற, ஏறி இறங்குகிற நாற்காலி ஒன்றைக் கடையில் போட்டார். "உன் கல்யாணத்துக்கு முன்னாடி எண்ணிக் கையில வச்சிடுவேன்" என்று சொன்னார். மகள் கேட்கவும் இல்லை, அவர் கொடுக்கவும் இல்லை.

மற்றபடி அவர் யாரிடமும் கைநீட்டாத மனிதர். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. ஒரு சீப்பு, ஒரு கத்திரி, விரிசல் விட்ட கண்ணாடி, இவற்றை வைத்துக்கொண்டு மேலே வந்தவர். கடைப் பலகையில் 'தங்கக்கை' என்று எழுதியிருக்கும். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது யார் என்று கேட்டால், அவரேதான். ஆனால் கை பொய் சொல்லவில்லை. அவர் கத்தி கன்னத்தில் இறங்கினால் உட்கார்ந்திருப்பவனுக்குத் தூக்கம் வரும்.

அப்படிப்பட்டவர் வீட்டில்தான் அது வந்தது. தாய் இல்லாத பெண் என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான். ஒருநாள் காதுக்குப் பின்னால் காசளவுக்கு வழுவழுவென்று ஓர் இடம் விரலில் தட்டுப்பட்டது. புழுவெட்டு. சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்த்தார், மழித்துப் பார்த்தார், தனக்குத் தெரிந்த எண்ணெயெல்லாம் காய்ச்சினார். காசு தட்டாயிற்று, தட்டு தலை முழுக்கப் பரவிற்று. கடைசியில் புருவமும் போனது. கம்பெனிக்குத் தலையில் துணி சுற்றிக்கொண்டு போனாள். பார்க்க வருவதாகச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார் வராமலே இருந்துவிட்டார்கள்.

"என்ன மாஸ்டர், ஊர் தலைக்கெல்லாம் வைத்தியம் சொல்றீங்க, வீட்டுத் தலையைக் கோட்டை விட்டுட்டீங்களே?" என்று ஒரு வாடிக்கைக்காரர் விளையாட்டாகக் கேட்டார். பாதி முகத்தில் நுரை இருக்கும்போதே சலூன்காரர் கத்தியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். மீதிப் பாதியை அந்த ஆள் வீட்டில் போய்த்தான் மழித்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் முடி உதிர்வதற்குப் புது மாத்திரை ஒன்றைச் சோதிக்கிறார்கள், ஆள் தேடுகிறார்கள் என்று மகள்தான் விசாரித்துக்கொண்டு வந்தாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கே தெரியாது.

"வெறும் மாத்திரையை முழுங்கறதுக்கு எதுக்கு பஸ் ஏறிப் போகணும்? இங்க மிட்டாய் கடை இல்லையா?" என்றார்.

"எனக்கு முளைக்கலன்னாலும் எனக்கு அப்புறம் வர்ற பொண்ணுக்கு முளைக்கும்லப்பா."

ஆராய்ச்சியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனார். நர்சம்மா மகளின் தலையில் ஒரே இடத்தைக் குறித்து, பூதக்கண்ணாடி வைத்த கேமராவில் படம் எடுத்து, முளைத்த முடியை எண்ணுவாள். எண்ணெய் கூடாது, மை கூடாது, முக்கியமாகக் கத்தி படவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். கடைக்குத் திரும்பியதும் சலூன்காரர், "எங்க வீட்டுத் தலையை வச்சுத்தான் உலகத்துக்கே மருந்து கண்டுபிடிக்கிறாங்க" என்பார்.

ஒரு சாயங்காலம் மகள் கடைக்கு ஓடி வந்தாள். துணியை அவிழ்த்து, "அப்பா, தொட்டுப் பாருங்க" என்றாள்.

விளக்கடியில் குனியவைத்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று பூனைமுடி. பச்சைக் குழந்தையின் காதோரத்தில் இருக்குமே, அந்த மாதிரி. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அப்போதுதான் அவருக்குள் இருந்த தொழில்காரன் விழித்துக்கொண்டான்.

"இப்படிச் சொட்டையும் சொள்ளையுமாவா போய் நிக்கிறது? ஒரு தடவை மழிச்சா கம்பி கம்பியா வரும். எத்தனை குழந்தை தலையில பார்த்திருக்கேன்."

"கத்தி வைக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கப்பா."

"அது கத்தி பிடிக்கத் தெரியாதவனுக்குச் சொன்னதும்மா. என் கைக்கா சொன்னாங்க?"

அவள் அவிழ்த்த துணியை மடித்து வைத்தாள். பிறகு தன் பணத்தில் வாங்கிய நாற்காலியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா கையை நம்பாமல் அவள் வேறு யார் கையை நம்புவாள்? அவர் புது பிளேடு போட்டு, வெந்நீர் தொட்டு, ஒரு கீறல் இல்லாமல் வழித்து எடுத்தார்.

காலையில் நர்சம்மா கேமராவை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"இங்க யாரு கத்தி வச்சது?"

"நான்தாம்மா!" என்றார் சலூன்காரர், பாராட்டை எதிர்பார்த்து. "நீங்க எண்ணறதுக்கு வசதியா இருக்கட்டும்னு. பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு."

நர்சம்மா அவரைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள். "முடி வந்திருந்துச்சா?"

மகள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

டாக்டர் வந்தார். கோபிக்கக்கூட இல்லை. கத்தி பட்ட தலையைக் கணக்கில் சேர்த்தால் மருந்தைப் பற்றித் தப்பான முடிவு வந்துவிடும், மற்ற நோயாளிகளுக்கும் அது கெடுதல், அதனால் இத்தோடு நிறுத்திக்கொள்ளவேண்டும் என்றார்.

"தப்பு என்னோடதுங்க. அவளை ஏன் நிறுத்தறீங்க? வேணும்னா கால்ல விழறேன்." யாரிடமும் கைநீட்டாதவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பா, வாங்க போலாம்" என்றாள் மகள். வாசலில் திரும்பி, "எனக்குக் குடுத்தது மருந்துதானா நர்சம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"இப்ப யாருக்கும் தெரியாதும்மா. அந்த முடி இருந்திருந்தா, அதையும் சேர்த்துப் பார்த்திருப்போம்."

மாத்திரை நின்றது. மழித்த இடத்தில் கம்பியும் வரவில்லை, பூனைமுடியும் வரவில்லை. சலூன்காரர் தினமும் காலையில் அவள் தலையை ஒரு பார்வை பார்ப்பார். அவள் வீட்டுக்குள்ளும் துணி கட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். சண்டை இல்லை. சோறு வைப்பாள், கம்பெனிக்குப் போவாள்.

மழைக்காலம் முடிந்த சமயம் நர்சம்மா சொல்லி அனுப்பினாள்: தூரத்து நகரம் ஒன்றில் இதே நோய்க்கு வேறொரு ஆராய்ச்சி தொடங்குகிறது, அங்கேயே தங்கவேண்டும்.

அன்றைக்குத்தான் மகள் முதல் தடவையாகக் கேட்டாள். "அப்பா, அந்த நாற்காலிப் பணம் இருக்கா?"

"நானும் வர்றேம்மா. ஒத்தையில எப்படிப் போவ?"

"வேண்டாம்ப்பா. நீங்க வரவேண்டாம்."

 மறுநாள் அவர் நாற்காலியை அடுத்த தெருக் கடைக்காரருக்கு விற்றார். குறைந்த பணத்தைக் கல்லாப்பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டார். இனி வாடிக்கைக்காரர்களுக்கு மர நாற்காலிதான்.

பஸ் கிளம்ப இருந்தது. துணி சுற்றிய அந்தத் தலையில் ஒரு தடவை கை வைக்கவேண்டும்போல இருந்தது அவருக்கு. கை பாதி தூரம் எழுந்தது. அவள் விலகவில்லை, ஆனால் கழுத்து லேசாக விறைத்தது. அவர் கையை இறக்கிச் சட்டைப்பையில் விட்டுப் பணத்தை எடுத்தார். அவள் உள்ளங்கையை விரித்தாள். எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, கடைசி நோட்டு வரைக்கும் அதில் எண்ணி வைத்தார்.