இரும்பைத் தின்ற ஓடை

கார்த்திகை மழை விட்டு ஒரு வாரம் இருக்கும், மல்லிகா போன் செய்தாள். பெரம்பலூரில் என்னோடு வேதியியல் படித்தவள்; நான் அதற்கே டீச்சரானேன். இப்போது பச்சைமலை அடிவாரத்தில் தன் ஊருக்கு வார்டு உறுப்பினர்.

"ஜெசி, கொழாயில செவப்பா வருதுடி. ஓட கெட்டுப்போச்சு, விட்டுட்டு போர் போடுவோம்னு ஞாயித்துக்கெழம கூட்டம். கொழா போட்டதுல நான் கமிஷன் அடிச்சேன்னு வேற பேசுறாங்க. மீட்டர எடுத்துக்கிட்டு வா."

சனிக்கிழமை காலை 5.10-க்கு வரதராஜன்பேட்டையில் பஸ் ஏறினேன். ஜெயங்கொண்டம், அரியலூர் மாறிப் பெரம்பலூர் சேர 8.40. அங்கிருந்து மலையாளப்பட்டிக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கடைசி நாலு கிலோமீட்டருக்கு ஆட்டோ, 150 ரூபாய். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பாறை வழுக்கும்.

ஓடை சிறியது. மேலே ஒரு பாறை வெடிப்பில் ஊறி, மரங்களுக்கு அடியிலேயே மூன்று கிலோமீட்டர் இறங்கி, ஊருக்கு மேலே ஒரு தொட்டியில் விழுகிறது. பாறை கருங்கல், தண்ணீரில் எளிதில் கரையாது. உதிர்ந்த இலை மக்கி ஊறும் தண்ணீருக்கு லேசான அமிலத்தன்மை வந்துவிடுகிறது, அதைத் தணிக்கச் சுண்ணாம்புச் சத்து வழியில் எங்கும் இல்லை. எங்கள் அரியலூர்ப் பக்கம் இதற்கு நேரெதிர். சுண்ணாம்புக்கல் பூமி, பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டும், பருப்பு வேக மறுக்கும்.

அமிலத்தன்மை அளக்கும் pH மீட்டரை ஓடையில் நனைத்தேன். இத்தனை மென்மையான தண்ணீரில் அதன் எண் சீக்கிரம் நிலைக்காது. மல்லிகாவின் கொழுந்தன் முருகேசன், கூட்டம் கூட்டியவரே அவர்தான், பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"என்ன டீச்சர், தண்ணிக்கு காய்ச்சல் எவ்வளவு?"

"இன்னும் பாத்துக்கிட்டிருக்கேங்க."

"பாத்து ஊசிய கீசிய போட்ருங்க."

5.8-இல் நின்றது. ஏழுக்குக் கீழே என்றால் அமிலம். இது மழைத்தண்ணீர் அளவுக்குத்தான். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. கைகழுவினால் சோப்பு வழுவழுவென்று போகவே மாட்டேன் என்கிறது. (ஓடைக்குள் சோப்புப் போடாதீர்கள், ஒரு குடம் மொண்டு தள்ளிப் போய்க் கழுவுங்கள்.)

முன்பு கறுப்பு ஹோஸ் போட்டிருந்தார்கள். காட்டுப்பன்றி கடித்துக்கொண்டே இருந்ததால் மல்லிகாதான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து இரும்புக் குழாய் வாங்கிவந்தாள். பன்றிக்குத் தப்பிய குழாயை இந்தத் தண்ணீர் உள்ளிருந்து அரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கூட்டத்தைக் குழாயடியிலேயே வைத்தோம். தொட்டியில் மொண்ட ஒரு குடம், தெளிவாக. இரவெல்லாம் குழாயில் நின்ற தண்ணீர் இன்னொரு குடம், செம்மண் நிறம். பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்த மூன்றாவது குடம் மறுபடி தெளிவு.

"அப்ப ஓட மேல தப்பா, கொழா மேலயா?" என்றார் முருகேசன்.

"ரெண்டும் நல்லதுதான் தம்பி," என்றாள் மல்லிகா. "பொருத்தம் பாக்காம கட்டி வெச்சது நானு."

யாரோ சிரித்தார்கள். முருகேசன் சிரிக்கவில்லை. "கமிஷன்னு சொன்னது நாந்தான் அண்ணி," என்றார். "வாபஸ்."

நான் அவளுக்காகப் பெருமைப்பட்டேன். எனக்காகவும்தான், ஏன் மறைக்க வேண்டும்? தொட்டியில் சுண்ணாம்புக்கல் ஜல்லி போட்டு அதன் வழியாகத் தண்ணீரை விட்டால் அமிலம் தணியும் என்று சொன்னது நான். கல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்து நாங்கள் திட்டிக்கொண்டிருக்கும் கல்.

கழுவிய ஜல்லி ஆறு மூட்டை, லோடு ஆட்டோவில், தை மாதம் நானே ஏற்றிக்கொண்டு போனேன். மாசியில் போய் அளந்தபோது தெருக்குழாயில் 7.1.

நீங்கள் போவதானால் மழை விட்ட பின், மார்கழி முதல் மாசி வரை நல்லது. எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஓடைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள்.

அந்த மாசியில் நான் அளந்து முடித்த நேரம் குழாயடியில் வரிசை நின்றது, மல்லிகா நாலாவதாக. "நீ முன்ன போ அண்ணி," என்று குரல் கொடுத்தார் முருகேசன். அவள் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.