தனிப் பங்கு

இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்த வருடங்களில் சித்திரையில் விதைக்கும் சிறுபோகத்துக்கு எங்கள் சொந்த வயலை விதைக்க முடியாது. எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் என்று அரசாங்க உத்தியோகத்தர்கள் கூட்டம் வைத்துத் தீர்மானிப்பார்கள். தண்ணீர் பாயும் அந்த வயல்களை மட்டும் எல்லோருக்கும் பங்கு பிரிப்பார்கள். யாரோ ஒருவருடைய நிலத்தில் ஒரு போகம் மட்டும் விதைப்போம்.

ராக்காயி அக்கா என் பக்கத்து வயல்காரி. சிறு வயதில் மலையகத்திலிருந்து வந்தவர். பிள்ளைகள் இல்லை. கணவர் மூக்கன் தை மாதம் இறந்துபோனார். மழை பொய்த்ததால் மாரியில் விதைத்த காலபோகமும் கைவிட்டிருந்தது. அடுத்த காலபோகத்துக்கு விதைநெல் வேண்டுமென்றால் இந்தச் சிறுபோகத்தில்தான் எடுக்க வேண்டும். விலைக்கு வாங்க வழியில்லை.

சேர்ந்து விதைக்கிறவர்களுக்கு ஒரே இடத்தில் பங்கு கிடைக்கும். தனி என்று பதிந்தால், மிஞ்சிக் கிடக்கும் துண்டுதான். எங்கள் வாய்க்காலின் பதினொரு குடும்பமும் எப்போதும் சேர்ந்துதான். முன்பெல்லாம் மூக்கன் அண்ணைதான் கூட்டத்துக்குப் போவார். அக்காவுக்கு இது முதல் கூட்டம்.

கூட்டத்தில் பெயர் பதிந்த உத்தியோகத்தர் தலை நிமிராமல், "ராக்காயி... தனியோ அம்மா?" என்றார்.

"ஆமாங்க ஐயா, தனிதாங்க. அவரு போயி ரெண்டு மாசமாச்சு."

அவர் எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பின்வரிசையில் இருந்த எனக்கு எங்கோ பிழை நடந்தது போலிருந்தது. எழும்பிச் சொல்ல வாய் வரவில்லை.

பட்டியல் ஒட்டியபோது எங்கள் பத்துக் குடும்பமும் ஓரிடத்தில். அக்காவின் அரை ஏக்கர் நாலு மைல் தள்ளி, வேறொரு வாய்க்காலின் கடைசியில். கமக்காரர் அமைப்புத் தலைவர் நல்லதம்பி அண்ணையோடு பட்டியலை மாற்றித் தரச் சொல்லி நாங்கள் உத்தியோகத்தர்களின் கந்தோருக்குப் போனோம்.

"கையெழுத்தாகிட்டுது. மாத்திறதெண்டா திரும்பக் கூட்டம் வைக்கவேணும். திங்கட்கிழமை தண்ணி திறக்கிறம்," என்றார் உத்தியோகத்தர்.

வெளியே வந்ததும் நல்லதம்பி அண்ணை, "என்னத்துக்கு ராக்காயி தனி எண்டு சொன்னனீ?" என்றார்.

"வீட்டுக்காரரு இருக்காரான்னு கேக்குறாருன்னு நெனைச்சேன் அண்ணே."

"அந்தாளுக்கு உன்ர வீட்டுக்காரரோட என்ன கதை!"

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். சைக்கிளை எடுக்கும்போது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

எங்களில் ஒருவர் மதகடியில் நின்றால் பத்து வயலுக்கும் தண்ணீர் வரும். அக்கா மதகடிக்குப் போனால் வயலில் பன்றி இறங்கும். வயலில் நின்றால் மேல்வயல்காரர் தண்ணீரை மறிப்பார்கள். அவர்களைத் தட்டிக் கேட்க, பழகிய முகம் ஒன்றும் அங்கே இல்லை. மண்ணும் வெளிறிக் கிடந்தது. ஒரு போகத்துக்கு வருகிறவர் எவரும் எரு போடுவதில்லை. அக்காவும் போடவில்லை.

ஆவணியில் எங்கள் வயல்களை அறுவடை மெசின் ஒரே நாளில் வெட்டி முடித்தது. அரை ஏக்கருக்காக அவ்வளவு தூரம் வர முடியாது என்றார் மெசின்காரர். அக்கா அரிவாளோடு இறங்கினார். நாலாம் நாள் நானும் ஒரு அரிவாள் கொண்டு போனேன். என்னைக் கண்டதும் நிமிர்ந்து பார்த்தார். "வாங்க" என்ற குரல் கரகரத்து வந்தது. பேசி எத்தனை நாளாயிற்றோ.

எங்களுக்கு அரை ஏக்கரில் பன்னிரண்டு மூடை. அவருக்கு இரண்டு.

"ரெண்டும் வெதைக்குத்தான்," என்று மூடையின் வாயைத் தைக்கத் தொடங்கினார்.

"சோத்துக்கு என்னக்கா செய்வீங்கள்?"

"கூலிக்குப் போவேன். ஒங்க வயல்ல புல்லுப் புடுங்க ஆள் தேடுவீங்கல்ல, சொல்லி அனுப்புங்க."

ஓம் என்று தலையாட்டினேன். மூடையின் மறுமுனையை நான் பிடிக்க, சைக்கிள் கரியரில் தூக்கி வைத்தோம்.