ஐஸ் பெட்டிக்கு ஒரு திறப்பு விழா

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: சங்கத் தலைவர் அண்ணாச்சி, செயலாளர் வாத்தியார், பொருளாளர் மனைவி கோமதி அக்கா, மைக் செட்காரர், என் வீட்டுக்காரர், நான். பிறகு, வந்த வேகத்தில் போய்விட்ட சிறப்பு விருந்தினர். வீட்டுக் கணக்கு எழுதியே பழகிய கை இது... வந்தவர்களை முதலில் வரிசைப்படுத்தாமல் எனக்கு எதுவும் எழுத வராது.

ராஜபாளையத்தில் எங்கள் தெரு முக்கில் சாமியானா. புது பெயின்ட் வாசனையும் சம்பங்கி வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. மேசை மேல் ஆள் நீளத்துக்குக் கண்ணாடி மூடி போட்ட பெட்டி. ஆம், இறந்தவர்களை வைக்கிற ஐஸ் பெட்டிதான். வாடகை கொடுக்க முடியாத ஏழைபாழைகளுக்கு இலவசமாகக் கொடுக்க எங்கள் சேவைச் சங்கம் வாங்கியது.

போய்ப் பார்த்தால், அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறார் கோமதி அக்கா!

"அக்கா, இதுக்குமா பொட்டு வைப்பாக?"

"புதுச் சாமான் வந்தா வைக்கணும்ல ஏட்டி. கிரைண்டருக்கு நீ வைக்கலயா?"

சிறப்பு விருந்தினர் வந்தார். ரிப்பனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அதிலிருந்த பொட்டைப் பார்த்தார். திடீரென்று அவருக்கு ஒரு போன் வந்துவிட்டது. கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. வண்டி ஏறிப் போயே போய்விட்டார்.

அதைவிடப் பெரிய அடி அடுத்து வந்தது. செட்டியார்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றார். கையில் எங்கள் சங்கத்து நோட்டீஸ்.

"ஏலே, யாருலே இங்க தலைவரு? நாங்க குடும்பத்தோட வந்து இதுல படுக்கணுமாலே?"

நோட்டீஸை வாங்கிக் கடைசி வரியைப் படித்தேன்.

'பொதுமக்கள் அனைவரும் குடும்பத்துடன் வந்திருந்து பயன்பெறுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.'

கண் சிகிச்சை முகாமுக்கு அடித்த நோட்டீஸிலேயே மேல் வரிகளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் அச்சகத்தில். பேப்பருக்குள் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வீடு வீடாகப் போய்விட்டது.

"ப்ரூஃப் பாத்தது யாரு வாத்தியாரே?" என்றார் அண்ணாச்சி.

"தேதி சரியா இருக்கான்னுதான் அண்ணாச்சி பாத்தேன்..."

பெட்டியை வைக்க அறை தருவதாகச் சொல்லியிருந்த கடைக்காரர், நோட்டீஸைப் படித்துவிட்டுச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பெட்டி நடுத்தெருவில் நிற்கிறது. இடம் இல்லையென்றால் கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அப்போது என் வீட்டுக்காரர் சாதாரணமாகச் சொல்கிறார்: "நம்ம வீட்டு ஷெட்டுல கெடக்கட்டும் அண்ணாச்சி."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை! அந்த ஷெட்டுக்கும் என் பூஜை அறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

வெள்ளிக்கிழமை தவறாமல் ஆண்டாளைப் பார்க்கப் போகிறவள் நான். அந்த வாரம் சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு, "தாயே, யாராவது வந்து அந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போயிரணும்" என்று வேண்டினேன். திரும்பி வரும்போது, பஸ்ஸில்தான் உறைத்தது. எடுத்துக்கொண்டு போக வேண்டுமென்றால் ஒரு வீட்டில் சாவு விழ வேண்டுமே...

மாதக்கணக்கில் யாரும் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் கேட்டருகே ஒரு பெண் நின்றாள். சுந்தரபாண்டியத்துக்காரி. அழுது வீங்கிய முகம்.

"அக்கா, அந்தப் பெட்டி இங்கனதான இருக்கு? எங்க அத்தை காலைல தவறிட்டாக. எங்க வீட்டுக்காரவுக மிலிட்டரில இருக்காவ. வந்துசேர நாளைக்கு ராத்திரி ஆயிரும். சொந்தக்காரங்க இன்னைக்கே எடுத்திரணும்ங்காக. பெத்த மகன் மொகத்தப் பாக்க வேண்டாமாக்கா?"

ரவிக்கைக்குள்ளிருந்து அந்த நோட்டீஸை எடுத்து நீட்டினாள்.

"இதுல குடும்பத்தோட வரச் சொல்லிருக்கீங்க. நான் ஒத்தையாத்தான் வந்திருக்கேன்... தருவீகளா?"

ஊரே சிரித்த வரி. இவள் ஒருத்தி அதை அழைப்பாகவே எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். நானே ஒரு பக்கம் பிடித்துப் பெட்டியை வண்டியில் ஏற்றினேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தது அந்தப் பட்டாளத்துக்காரர்தான். கழுவித் துடைத்து வைத்தார். "அம்மா தூங்குற மாதிரியே இருந்தாக, அக்கா" என்றார்.

அன்று இதன் பெயரைச் சொன்னாலே தெரு மாறிப் போனார்கள். இன்று, "அக்கா, பெட்டி ஃப்ரீயா இருக்கா?" என்று கல்யாண மண்டபம் கேட்கிற மாதிரி போன் செய்கிறார்கள். தளவாய்புரம் வரைக்கும் போய் வருகிறது.

இப்போது எங்கள் வீட்டை விற்றாகிவிட்டது. மகளோடு கோயம்புத்தூர் போகிறோம். தை பிறந்ததும் ஷெட்டை இடிக்கப் போகிறார்கள். அண்ணாச்சியும் இல்லை, சங்கமும் பெயருக்குத்தான் இருக்கிறது. பெட்டியை வாங்கிப் பயன்படுத்திய வீடுகளிலேயே போய் இடம் கேட்டேன். எல்லோரும் காபி கொடுத்தார்கள், பெட்டியைப் புகழ்ந்தார்கள்...

"அக்கா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கோம். அத எப்படிக்கா வீட்டுல வைக்க?"

கேட்ட வீட்டிலெல்லாம் இதே பேச்சு. ஆனாலும் அவர்களை நான் என்ன சொல்ல முடியும்?

அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன்: ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் வேண்டும். மழை படக்கூடாது. அவ்வப்போது ஓட்டிப் பார்க்க ஒரு பிளக் பாயின்ட் போதும். இருந்தால் இருக்கிறது என்றும், இல்லையென்றால் இல்லை என்றும், தை பிறப்பதற்குள் பதில் சொல்லிவிடுங்கள்.