உள்ளே விட்ட துணி

பெண்களுக்கு ரவிக்கையும் சுடிதாரும் தைப்பது என் தொழில். கடத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரே ஷட்டர் போட்ட கடை. இருபது வருடமாக அதே மிஷின், அதே ஸ்டூல். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பக்கவாட்டில் துணியை ஒட்ட வெட்ட மாட்டோம். உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மூன்று தையல் போட்டுக் கொடுப்போம். ஆறு மாதம் கழித்து "அக்கா, கொஞ்சம் புடிக்குதுங்க" என்று கொண்டுவந்தால், உடம்பை ஒட்டிய தையலைப் பிரித்துவிட்டால் போதும். அடுத்த முறை அதற்கு அடுத்ததை. உடம்பு போட்டுவிட்டது என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. துணி சுருங்கிப்போச்சு என்பார்கள். ஆமாங்க, இந்தத் துணியே அப்படித்தான் என்று நானும் சொல்வேன். துணிக்கு வாயில்லை, அதனால் பழி அதன் மேல்தான்.

இடுப்பளவைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்பது இன்னொரு பழக்கம். டேப்பைச் சுற்றிப் பிடித்து, பார்த்து, பேசாமல் நோட்டில் எழுதிக்கொள்வேன். பக்கத்தில் இன்னொருத்தி நின்றுகொண்டிருப்பாள் இல்லையா. பாதிப் பேர் அதற்கும் இடம் கொடுப்பதில்லை. வீட்டிலிருந்து பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து, இதுதான் அளவு என்று நீட்டிவிடுவார்கள். இந்தப் பழக்கங்களை எல்லாம் நான் மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

எனக்கு ஒரே மகள். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மகள் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். துணி மூட்டை மேல் சாய்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். எட்டு மணிக்குக் கடையைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்.

அவள் ஏழாவது படிக்கும்போது கடைக்கு எதிரில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டி வந்தது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக்காரர், பெங்களூரில் ஹோட்டல் மாஸ்டராக இருந்துவிட்டுத் திரும்பியவர். நல்ல மனிதர். அதுதான் சங்கடம், கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். முதலில் தட்டில் வாழை இலைத் துண்டு போட்டு, ஒரு கரண்டி முட்டை சாதம், மேலே நறுக்கிய வெங்காயம். அரை பிளேட் வாங்கினால் நானும் மகளும் பங்கு போட்டுக்கொள்வோம். பசி அடங்குகிற அளவுக்குத்தான் இருக்கும், ஆனால் அடங்கிவிடும்.

பிறகு பார்சல் டப்பா வந்தது. முதல் வருடம் சின்னது, பெரியது என்று இரண்டு இருந்தது. அப்புறம் சின்னதைக் காணோம். கேட்டேன்.

"சின்ன டப்பா இப்ப வர்றதில்லீங்கக்கா. பெருசுல பாதி போட்டுக் குடுத்தா, பாக்கறவங்க கொறைச்சுட்டான்னு பேசுவாங்க. அதான் ரொப்பியே குடுத்தர்றது."

அதோடு "நம்ம பாப்பாவுக்குத்தானே" என்று இன்னொரு அரைக் கரண்டியை மேலே போட்டு அழுத்தி மூடுவார். சந்து முனையில் இன்னொரு வண்டி வந்தது. அங்கே டப்பா மூடவே மூடாது, ரப்பர் பேண்டு போட்டுத்தான் கொடுப்பார்கள். அதைப் பார்த்து இவரும் ரப்பர் பேண்டு வாங்கினார். கூல் டிரிங்க்ஸும் அப்படித்தான். முன்பு கடையிலேயே நின்று குடித்துவிட்டுக் கண்ணாடி பாட்டிலைத் திருப்பித் தர வேண்டும். இப்போது பெரிய பிளாஸ்டிக் பாட்டில். மகள் அதை மிஷின் காலடியில் வைத்துக்கொண்டு, கணக்குப் போடுகிறவரைக்கும் ஒவ்வொரு வாயாகக் குடித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு தீபாவளி சீசனில் எனக்குத் தலைதூக்க நேரமில்லை. டப்பாவை மகளே முழுக்கச் சாப்பிட்டாள். சீசன் முடிந்த பிறகும் அது அவளுடைய டப்பாவாகவே இருந்தது. எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய் நான் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துக் குழம்பு வைப்பேன். ஏனென்றால் ஃபிரைட் ரைஸ் எங்கள் வீட்டில் சாப்பாடு இல்லை. அது சாயந்திரம் வாய்க்குத் தின்கிற பண்டம். குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டால்தான் சாப்பிட்டதாகச் சேரும். வேண்டாம் என்பாள். "வெறும் வயித்தோட படுக்காத கண்ணு" என்று நான் தட்டில் போடுவேன். வெறும் வயிறு என்றுதான் சொன்னேன், நன்றாக நினைவிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புச் சீருடையை நானே தைத்தேன். அளவு எடுக்கவில்லை, பழைய சுடிதாரை மேலே வைத்து வெட்டினேன். உள்ளே துணி விட்டு மூன்று தையல். காலாண்டுத் தேர்வு சமயத்தில் அவள் அக்குள் பக்கம் துணியை அடிக்கடி இழுத்துவிட்டுக்கொள்வதைப் பார்த்தேன். மறுநாள் அவள் குளிக்கப் போனபோது ஒரு தையலைப் பிரித்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அரையாண்டுக்கு இன்னொன்று. பத்தாம் வகுப்பில் புதிதாகத் தைக்கவில்லை. மூன்றாவது தையலையும் பிரித்து, விளிம்பில் ஒரு தையல் ஓட்டிக் கொடுத்தேன். அதுவும் போதாமல் போனபோது, அதே துணியில் மிச்சமிருந்த துண்டை அக்குளில் ஒட்டுப் போட்டேன். வாடிக்கையாளருக்குச் செய்கிறதைவிட நைசாகச் செய்தேன், வெளியே தெரியவே தெரியாது. வளர்கிற பெண், வயதுக்கு வந்த உடம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்களும் "இப்பத்தான் பாப்பா பாக்க லட்சணமா இருக்குதுங்க" என்பார்கள்.

அவள் பின்கழுத்து கறுத்தது. அழுக்கு என்று நினைத்தேன். பாசிப்பயறு மாவு போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். எரியுது எரியுது என்று அழுதாள். "ஒழுங்கா குளிச்சா எதுக்கு இந்தப் பாடு" என்று முதுகில் ஒன்று வைத்தேன். வாராவாரம் தேய்த்தேன். மற்றதற்கெல்லாம் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது. இதற்கு முடியவில்லை.

பத்தாவது கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸம்மா அவளை எடை பார்த்துவிட்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயது குறைந்த டாக்டரம்மா. ரத்தம் எடுத்தார்கள், மறுநாள் வரச் சொன்னார்கள், போனோம்.

"சர்க்கரை இருக்குதும்மா. கழுத்துல கறுப்பு அதோட அறிகுறிதான், தேய்ச்சாப் போகாது" என்றார். மாத்திரை, நடை, சாப்பாடு எல்லாம் சொன்னார். இப்போதே கவனித்தால் கட்டுப்படும் என்றார். பிறகு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஒரே நாள்ல ஏறுற எடை இல்லை இது. போட்டிருக்கிற டிரெஸ் டைட் ஆகியிருக்குமே, அதுல கூடவா தெரியல?"

நான் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள். "இல்லீங்க மேடம். எனக்கு டிரெஸ் டைட்டே ஆகலீங்க. ஒம்பதாவதுல தைச்சதுதான் இது, இன்னும் கரெக்ட்டா இருக்குது. எங்கம்மா தைச்சதுங்க."

பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"டெய்லருங்க."

அவர் சீட்டில் எழுதினார். நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஊர்ப் பேர் போட்ட கைகாட்டி, கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க் என்று வந்தது எல்லாவற்றையும் பார்த்தேன். அடுத்த பல வாரங்களும் அப்படியேதான் போயின. மிஷின் ஓடியது, துணி வந்தது, கொடுத்தேன். ஒரு நாள் குழம்பில் உப்பே இல்லை என்று மகள் சொன்னாள். நானும் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் போனில் கத்தினார், கேட்டுக்கொண்டேன். வண்டி மாஸ்டரிடம் சொன்னபோது "முன்னாடியே சொல்லியிருந்தா கொஞ்சமா போட்டிருப்பேனேக்கா" என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். கேழ்வரகுக் களி கிண்டிப் போடு என்று கடைக்கு வருகிற எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். சொல்லிவிட்டு எதிரில் போய் ரப்பர் பேண்டு போட்ட டப்பா வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது ஆறு மணிக்கே கடையைச் சாத்துகிறேன். வீட்டுக்கு நடந்தே போகிறோம்.

விடுமுறையில் மகள் பழைய சீருடையைத் தரை துடைக்கக் கிழிக்கலாம் என்று எடுத்து, உள்பக்கம் திருப்பியிருக்கிறாள். டெய்லர் வீட்டுப் பெண். பிரித்த தையலின் ஊசித்துளை போகாது. மடிப்புக்குள் இருந்த துணி வெயில் படாமல் நிறம் அப்படியே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். மிஷின் பலகையில் விரித்துப் போட்டாள்.

"எத்தனை வாட்டி பிரிச்சம்மா?"

"மூணு வாட்டி. அப்பறம் ஒட்டு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சங்கடப்படுவேன்னுதான் கண்ணு."

அந்தத் துளைகளை விரலால் தடவினாள். "ஸ்கூல்ல எல்லாரும் என்னையக் குண்டுன்னாங்க. நான் நம்பவே இல்லம்மா. ரெண்டு வருசமா அதே டிரெஸ்தான் போடறேன், அப்பறம் எப்பிடி குண்டாவேன்னு சண்டை போட்டேன். பொய் சொல்றாங்கன்னு ஒருத்தியோட பேசறதையே உட்டுட்டேன்."

அவள் சுடிதாரை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நான்கு நாள் அளவாகத்தான் பேசினாள்.

பதினொன்றாம் வகுப்புக்குச் சீருடையே வேறு. புதுத்துணி வாங்கி வந்தோம். அன்று கடையில் ரவிக்கை வாங்க வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நான் துணியை விரித்துவிட்டு, வழக்கம்போல அளவுக்கு வைக்கப் பழைய சுடிதார் ஒன்றை எடுத்தேன். மகள் அதை என் கையிலிருந்து வாங்கி மூட்டை மேல் போட்டாள். என் எதிரில் வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

டேப்பை இடுப்பில் சுற்றினேன். பிறந்த குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டின இடுப்பு. பார்த்துவிட்டு, பேசாமல் நோட்டைப் பிடித்தேன்.

"சத்தமா சொல்லும்மா" என்றாள்.

அந்த அம்மா சட்டென்று தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடமாகச் சொல்லாத வாய்.

மகள் குனிந்து டேப்பைத் தானே பிடித்து, எண்ணைப் பார்த்து, வகுப்பில் ஆஜர் சொல்கிற குரலில் படித்தாள். பிறகு நிமிர்ந்து, "எழுதிக்கோம்மா. உள்ள துணி உடாத" என்றாள்.

நோட்டைப் புரட்டினேன். ஊரில் பாதிப் பெண்களின் அளவு அதில் இருந்தது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம், அவரவர் பேர் போட்டு. என் மகளுக்கு ஒரு பக்கம் இல்லை. கடைசியில் காலியாக இருந்த தாளில் அவள் பேரை எழுதி, அவள் சொன்ன அளவை அதற்குக் கீழே எழுதினேன்.