உடலில் உலோகம் ஏதும் உண்டா?

அந்தச் சீசனின் மூன்றாவது மோட்டார் சைக்கிள் போட்டி முடிந்த மாலை, தெற்கிலிருந்து வந்து ஓடுகிற ஒருவன் ஹெல்மெற்றைக் கக்கத்தில் இடுக்கியபடி என்னிடம் வந்து தண்ணீர் கேட்டான். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். இரண்டாவது வளைவில் விழுந்து, எழும்பி, மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி மறுபடியும் ஓடி முடித்திருந்தான். போத்தலைக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு, தலை இடிக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். மண் தடத்தில் ஓடி முடித்தால் எல்லோருக்கும் தலை இடிக்கும்.

மூன்றாம் நாள் அவன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். முந்திய போட்டியிலும் அவனுக்குத் தலையில் அடிபட்டிருந்ததாம். அந்தக் காயம் ஆறுவதற்கு முன் இரண்டாவது அடி விழுந்துவிட்டது என்று சொன்னார்கள்.

இதை முதலில் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் நியாயம் கெட்டவன் ஆகிவிடுவேன். சீசன் நடுவில் போட்டிகளை நடத்துகிற சங்கத்தார் விதியை மாற்றியது யார்மீதும் உள்ள கோபத்தால் அல்ல. ஒரு பிள்ளை செத்துப்போனதால் மாற்றினார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்திருந்தாலும் மாற்றியிருப்பேன்.

கடிதம் நான்காவது போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்தது. ஓடுகிற எல்லோரும் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை இல்லாதவருக்குப் போட்டியில் இறங்கத் தகுதி இல்லை. பழைய விதிகள் அப்படியே இருக்கும். அந்தப் பழைய விதிகளில் ஒன்று, ஏழு போட்டிகளில் ஐந்திலாவது ஓடாதவரின் புள்ளிகள் கணக்கில் வராது என்பது. நான் மூன்றில் ஓடி, பட்டியலில் இரண்டாவதாக நின்றேன். இன்னும் இரண்டில் ஓடினால் போதும்.

கடிதத்தை நான் வாசித்தது மருதனார்மடத்துப் பக்கம் இருக்கிற கராஜில். அந்தக் கராஜ்காரர்தான் என் மெக்கானிக். சொந்தமில்லை, ஆனால் எட்டு வருடமாக அண்ணை என்றுதான் கூப்பிட்டு வந்தேன். வாகன உதிரிப்பாகம் விற்கிற கொழும்புக் கொம்பனி ஒன்று தன் அணிக்கு என்னைச் சம்பளத்துக்கு எடுத்தபோது, மெக்கானிக்காக இவரையும் எடுக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அந்த அணியில் வடக்கிலிருந்து போனவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அண்ணை கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

"உனக்கு உது ஏலாதே."

"ஏன் ஏலாது? கேட்டுப் பாப்பம்."

"தம்பி, உன்ரை தோளுக்கை இரும்பெல்லோ இருக்கு."

என் கழுத்துக்கும் வலது தோளுக்கும் நடுவே ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. நாங்கள் அளவெட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். கடைசிச் சண்டையின்போது எனக்குப் பதினைந்து வயது. பங்கருக்குள் இறங்குவதற்கு முன் விழுந்த ஷெல்லில் அப்பா போய்விட்டார். எனக்கு அந்தத் துண்டு. தறப்பாள் கட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில், மருந்து முடிந்துபோன ஒரு நாளில், காயத்தைத் தைத்து மூடிவிட்டார்கள். உள்ளே இருந்ததை எடுக்க அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. பிறகு அது தன் பாட்டில் இருந்தது, நான் என் பாட்டில் இருந்தேன். மழைக்காலத்தில் கொஞ்சம் குத்தும். ஒவ்வொரு வருடமும் மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கையை மடக்கி நீட்டச் சொன்னார்கள். மடக்கி நீட்டினேன்.

இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கான் பகுதி டொக்டர் எக்ஸ்ரே எடுத்து, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல மனுசி. அவசரப்படாமல் கதைத்தார்.

"எம்.ஆர்.ஐ. எண்டுறது பெரிய காந்தம். உங்களை அதுக்குள்ளை விட்டால் இந்தத் துண்டை இழுக்கும். நரம்புக் கட்டுக்கு ஒட்டினமாதிரி இருக்கு. கொஞ்சம் அசைஞ்சாலே வலது கை போயிடும். அதைவிட மோசமும் நடக்கலாம்."

"வெட்டி எடுக்கலாமோ, டொக்டர்?" என்று அண்ணை கேட்டார்.

"எடுக்கலாம். எடுக்கேக்கையும் கை போகலாம். சேர்ஜனைக் கேளுங்கோ, அவரும் இதைத்தான் சொல்லுவார்."

அவர் எனக்கு சி.ரி. ஸ்கான் எடுத்துத் தந்தார். அதில் காந்தம் இல்லை. தலைக்குள் ஒரு குறையும் இல்லை என்று கடிதமும் எழுதினார். அதை அன்றைக்கே அனுப்பினேன். சங்கத்தின் செயலாளர் இரண்டு நாள் கழித்து ரெலிபோன் எடுத்தார். வயதானவர், தம்பி என்பதற்குச் சிங்களத்தில் சொல்கிற மல்லி என்றே என்னை எப்போதும் அழைப்பவர். விதியில் எம்.ஆர்.ஐ. என்றுதான் இருக்கிறது, சி.ரி. என்று இல்லை, என்றார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், விதியை ஒருக்கால் மாற்றினீர்கள்தானே, இன்னொருக்கால் மாற்றலாமே என்று கேட்டேன். ஒருவனுக்காக நடுவில் மாற்றினால் மற்ற அணிகள் வழக்குப் போடும், மல்லி, என்றார். பிறகு தன் குரலைத் தாழ்த்தி, ஒரு வழி சொன்னார். உடலில் உலோகம் எப்படி வந்தது என்பதற்குப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோ, அந்த நேரத்து ஆஸ்பத்திரிப் பதிவோ இருந்தால் விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஷெல் விழுந்ததற்கு யார் பொலிசில் முறைப்பாடு செய்தார்கள்?

நான்காவது போட்டி நான் இல்லாமல் நடந்தது. அன்று உடுவிலில் எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு, போனில் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் இடத்துக்கு இறங்கியிருந்தேன்.

பதிவு ஒன்றும் இல்லாதபடியால் நடந்ததை நானே எழுதி, கிராம அலுவலரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பலாம் என்று நினைத்தேன். மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்று வாசித்தாள்.

"உதை அனுப்பப் போறியளோ?"

"ஓம்."

"பதினைஞ்சு வயசிலை வன்னியிலை நிண்ட ஆம்பிளைப்பிள்ளை, தோளிலை ஷெல் பீஸ். நீங்கள் என்ன எழுதினாலும் வாசிக்கிறவன் என்ன நினைப்பான்?"

"நான் ஒரு இயக்கத்திலையும் இருக்கேல்லை."

"எனக்குத் தெரியும். அவங்களுக்கு?"

நான் எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"இவ்வளவு காலமும் ஒருத்தரும் வந்து கேக்கேல்லை. நீங்களாப் போய்க் கூப்பிடாதேங்கோ. ஒரு றேசுக்காக."

ஒரு றேசுக்காக என்று அவள் சொன்னது எனக்குச் சுட்டது. அவள் சொன்னது பிழை இல்லை. ஆனாலும் கடிதத்தை அனுப்பினேன். அனுப்பிய பிறகு மூன்று கிழமை அவள் கேற் சத்தம் கேட்கும்போதெல்லாம் யன்னலுக்கு ஓடினாள். மோட்டார் சைக்கிள் ஒன்று ஒழுங்கையில் மெதுவாகப் போனால் சமையலை விட்டுவிட்டு நிற்பாள். அவளுக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான்தான்.

ஒருவரும் வரவில்லை. பதிலும் வரவில்லை. ஐந்தாவது போட்டியும் போனது. நான் ரெலிபோன் எடுத்தபோது செயலாளர், கடிதம் குழுவின் முன் இருக்கிறது என்றார். யாராவது வாசித்தார்களா என்று கேட்டேன். கட்டாயம் வாசிப்பார்கள், மல்லி, என்றார். என் அப்பா செத்ததை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் எழுதினேன். அது ஏதோ ஒரு அலுமாரியில் கிடந்தது.

ஆறாவது போட்டியில் இறங்கவில்லை என்றால் எல்லாம் முடிந்துவிடும். அதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கொழும்பில் அணியின் கொம்பனிக்கு ஒருக்கால் போய்வரவேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் எடுத்தேன். அண்ணையும் கூட வந்தார். உண்மையை அவரிடமும் வழியில்தான் சொன்னேன். கொழும்பில் ஒரு தனியார் ஸ்கான் நிலையத்தில் இடம் பதிந்திருந்தேன். அங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது.

"விசர்க்கதை கதையாதை," என்றார்.

"பதினாறு வருசமா அசையாதது இருவது நிமிசத்திலை அசையப்போகுதோ?"

அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நிலையத்தில் நல்ல குளிர். கையில் ஒரு படிவம் தந்தார்கள். மூன்று மொழியிலும் இருந்தது. இருதயத்தில் கருவி பொருத்தியிருக்கிறதா? இல்லை. மூட்டு மாற்றியிருக்கிறதா? இல்லை. உடலில் உலோகம் ஏதும் உண்டா? பேனையை வைத்து எடுக்காமல், முன்னிரண்டையும் எழுதிய அதே வேகத்தில் இல்லை என்று எழுதினேன். அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

உடுப்பை மாற்றச் சொன்னார்கள். மோதிரத்தைக் கழற்றி அண்ணையிடம் கொடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துவரை மூடிய நீல அங்கியோடு நான் வெளியே இருந்த வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு பெண் கதவடியில் வந்து நின்று என் பெயரைக் கூப்பிட்டாள். எழும்பினேன். கதவடிக்குப் போகுமுன் அண்ணை எனக்கு முன்னால் போய் அந்தப் பெண்ணிடம் நின்றார்.

"பிள்ளை, இவருக்கு உள்ளை ஷெல் துண்டு இருக்கு. பொய் எழுதியிருக்கிறார்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு படிவத்தைப் பார்த்தாள். வாங்கில் இருந்த நாலைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். அவளுக்குத் தமிழ் விளங்கியிருக்க வேண்டும், கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே யாரையோ கூப்பிட்டுச் சத்தமாகப் பேசுவது கேட்டது.

நான் அண்ணையின் சட்டையைப் பிடித்தேன். எட்டு வருடத்தில் அவரை மரியாதை குறைய ஒரு வார்த்தை சொல்லாதவன், அங்கே, அத்தனை பேருக்கு முன்னால், இங்கே எழுத முடியாததை எல்லாம் சொன்னேன். அவர் என் கையைத் தட்டவில்லை.

"அடி," என்றார். "உனக்கு அடிக்கக் கை இருக்கட்டும்."

திரும்பி வரும் பஸ்சில் அவர் முன்னுக்கு இருந்தார், நான் பின்னுக்கு இருந்தேன். சுன்னாகத்தில் இறங்கும்போது மோதிரத்தை என் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப்பையில் கிடந்த மோதிரத்தையும் ஸ்கான் நிலையத்து ரசீதையும் கண்டு அவள் தானாகவே தெரிந்துகொண்டாள். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அவள் கதைக்காமல் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஆறாவது போட்டிக்குப் பிறகு என் புள்ளிகள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. பெயருக்கு நேரே ஒரு கோடு. பெயரையே எடுத்திருந்தால் பரவாயில்லை. அணியின் லொறி வந்து கராஜில் நின்ற மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனது என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. அண்ணை அணி வேலையைத் தானாகவே விட்டுவிட்டார் என்பதும் அப்படிக் கேள்விப்பட்டதுதான். அவரை வைத்திருக்கத் தயார் என்று அவர்கள் சொன்னார்களாம்.

அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன் புதிய விதிப்புத்தகம் வந்தது. பழைய வீரர்கள் எல்லோருக்கும் போல எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். மருத்துவப் பகுதியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாத நிலையில் உள்ளவர்கள், நிபுணரின் கடிதத்தோடு சி.ரி. ஸ்கான் அறிக்கை சமர்ப்பிக்கலாம். என் கடிதத்தை யாரோ வாசித்திருக்கிறார்கள். அல்லது வேறு யாருக்கோ இதே சிக்கல் வந்து, அவனுக்காக மாற்றியிருக்கிறார்கள். இரண்டில் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்தேன். என் இடத்துக்குக் குருநாகல் பக்கத்து ஒருவனை எடுத்துவிட்டார்களாம், இருபது வயது. மற்ற இரண்டு அணிகளுக்கும் எழுதினேன். ஒருவர் மரியாதையாக முடியாது என்றார். மற்றவர் பதில் போடவில்லை. முப்பது தாண்டியவனை, ஒரு சீசன் பெயருக்கு நேரே கோடு விழுந்தவனை, யார் எடுப்பார்கள்?

விதிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு பின்னேரம் கராஜுக்குப் போனேன். கொழும்புக்குப் போன அன்றைக்குப் பிறகு நான் அங்கே போனது அதுதான் முதல் தரம். அண்ணை ஒரு ஸ்கூட்டியின் பின் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து அவருக்கு முன்னால் பிடித்தேன். கை முழுக்க எண்ணெய் என்பதால் தொடாமல், குனிந்து வாசித்தார்.

"ஒரு வருசம் பிந்தீட்டுது," என்றார்.

"ஓம்."

"இனி ஓடுவியோ?"

"ஒருத்தரும் எடுக்கினமில்லை."

நான் மன்னிப்புக் கேட்பேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். கேட்பதற்குத்தான் போனேன் என்றும் நினைக்கிறேன். ஆனால் வாய்க்குள் வந்தது வேறு.

"அண்டைக்கு நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் நான் ஓடியிருப்பன்."

"இல்லாட்டிச் செத்திருப்பாய்."

"அது எனக்குத் தெரியும்," என்றேன். "தெரிஞ்சுதான் சொல்லுறன்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. மறுபடியும் சில்லுக்குக் குனிந்து, நட்டைத் திருகத் தொடங்கினார். எனக்கு அங்கே நிற்கவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை. ஒழுங்கையால் சந்தைக்குப் போகிறவர்கள் வழக்கம்போல என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு போனார்கள்.